வாசலில் நிற்கும் குறத்தி: திருவருகைக் காலமும் இரு குறவஞ்சிகளும்

திருவழிபாட்டு ஆண்டு ஒரு வினாவோடு தொடங்குகின்றது. நாம் யாருக்காகக் காத்திருக்கின்றோம்? எவ்வாறு காத்திருக்கின்றோம்? நான்கு ஞாயிறுகளைத் தன்னுள் அடக்கிய திருவருகைக் காலம் முழுவதும் இவ்வினாவின் விரிவே எனலாம். குருவின் திருவுடை ஊதா நிறம் பூணுகின்றது. ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் அடங்கி நிற்கின்றது. ஆயினும் தவக்காலத்தில் மறைந்துவிடும் அல்லேலூயா இங்கே மறைவதில்லை. ஏக்கமும் மகிழ்வும் ஒருங்கே விரவிய இந்நிலை தமிழருக்குப் புதியதன்று. பிரிந்தவர் வருவார் என்ற உறுதியோடு ஆற்றியிருக்கும் நிலைக்கு 'இருத்தல்' என்று பெயரிட்டு, அதனை முல்லைத் திணையின் உரிப்பொருளாகவே வகுத்தவர்கள் நம் முன்னோர். கார்காலத்தையும் மாலைப் பொழுதையும் அதற்குரிய காலமாக அமைத்தவர்களும் அவர்களே.

இத்தகைய மரபில் வந்த நம்மிடையே இன்று காத்திருப்பு அருகிவிட்டது என்பதை யாரும் மறுக்க இயலாது. டிசம்பர் முதல் நாளிலேயே நட்சத்திரம் கூரை ஏறிவிடுகின்றது. இரண்டாம் வாரத்தில் பாட்டுக் குழுவினர் வீடுதோறும் பிறப்பின் செய்தியைப் பாடிவிடுகின்றனர். வணிகர்களும் அலுவலகங்களும் விழாவை முன்கூட்டியே கொண்டாடி முடித்துவிடுகின்றனர். உண்மையான பிறப்பு விழா விடியும்போது உடலும் உள்ளமும் சோர்ந்து கிடக்கின்றன. மறுநாளே குடில் கலைக்கப்படுகின்றது. இதனால் இழப்பது ஒரு வழிபாட்டு ஒழுங்கை மட்டுமா? இல்லை. காத்திருக்கத் தெரியாதவருக்கு வருகையின் அருமை தெரியாது. வருகின்றவர் எந்த வாசலில், யார் வடிவில் வருகின்றார் என்று உற்று நோக்கும் கண்ணும் அவருக்கு வாய்ப்பதில்லை.

பழந்திருச்சபை இதனை நன்கு உணர்ந்திருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தூர் நகர ஆயராயிருந்த பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-ஆம் நாள் புனித மார்ட்டின் விழா முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு இருக்குமாறு தம் மக்களுக்குப் பணித்தார். ஏறத்தாழ நாற்பது நாள் நீண்ட அந்நோன்பு, கீழைத் திருச்சபைகளில் வேறு வடிவங்களில் இன்றளவும் நிலைத்திருக்கின்றது. இலத்தீன் வழிபாட்டு மரபினராகிய நம்மிடம் நோன்பு தேய்ந்து, நான்கு மெழுகுதிரிகள் மட்டுமே எஞ்சியுள்ளன.

குற்றாலத்தின் ஐந்தருவிப் பக்கம் இக்காலத்தில் வந்து காண்போருக்கு வேறொரு காட்சி கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்த நாள்களில் ஐந்து கிளைகளாக விழும் அருவி தன் கணக்கை மறந்து ஒரே வெள்ளமாகக் கொட்டுகின்றது. குளிக்கத் தடை விதிக்கப்படுகின்றது. தடை நீங்கும் வரை கருப்பு உடையும் துளசி மாலையும் அணிந்த ஐயப்ப பக்தர்கள் ஈரத்தில் பொறுமையோடு நிற்கின்றனர். கார்த்திகை முதல் நாள் மாலையிட்டு, நாற்பத்தொரு நாள் உணவிலும் சொல்லிலும் உறக்கத்திலும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டு மலை ஏறுபவர்கள் அவர்கள். அவர்களது மண்டல விரதமும் நமது திருவருகைக் காலமும் ஏறத்தாழ ஒரே நாள்களில் அமைகின்றன. ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டுவதில்லை. ஆனால் பார்த்துக் கற்கலாம். காத்திருப்பு என்பது உடலால் கற்க வேண்டிய ஒன்று என்பதை அயலார் நமக்கு நினைவூட்டுகின்றனர்.

அதே மலையடிவாரம் காத்திருப்பைப் பற்றிய ஓர் அரிய இலக்கியத்தையும் நமக்கு ஈந்துள்ளது. குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயர், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியே அது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்குப் பரிசாக நிலம் வழங்கினார் என்றும், அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது என்றும் கூறுவர். குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954-இல் மறைந்த இரசிகமணி டி.கே.சி. போன்றோர் இதன் சுவையைத் தமிழகம் எங்கும் எடுத்துச் சென்றனர். இன்று பள்ளி மாணவரும் இதன் மலைவளப் பாடலை அறிவர். ஆனால் மலைவளத்தோடு நின்றுவிடுவோர் நூலின் உள்ளத்தைக் கண்டவராகார். இந்நூலை ஒரு கிறிஸ்தவன் திருவருகைக் காலத்தில் படித்தால் என்ன பெறுவான் என்பதே இக்கட்டுரையின் ஆய்வு.

கதை எளியது. குற்றாலநாதர் விடையேறி உலா வருகின்றார். பந்தாடிக் கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் காண்கின்றாள்; கண்ட அளவில் உள்ளத்தை இழக்கின்றாள். உலா கடந்து போகின்றது. நிலவும் தென்றலும் அவளைச் சுடுகின்றன. தோழியைத் தூது அனுப்புகின்றாள். அவ்வேளையில் கூடையும் கோலுமாக ஒரு குறத்தி வந்து சேர்கின்றாள். தன் மலையின் வளம் பேசி, கை பார்த்து, தலைவன் வருவான் எனக் குறி சொல்கின்றாள். பரிசு பெற்று அகல்கின்றாள். பின்பு அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வருகின்றான், மனைவியைத் தேடி அலைகின்றான், கண்டு மகிழ்கின்றான். நூல் நிறைவடைகின்றது.

இக்கதையின் மூன்று இடங்கள் நம் சிந்தனைக்கு உரியவை.

முதலாவது, வசந்தவல்லி காத்திருப்பது தான் முன்பே கண்ட ஒருவருக்காக. காணாத ஒன்றிற்கு ஏங்குவது கற்பனை. கண்டு இழந்த ஒன்றிற்கு ஏங்குவதே காதல். உலா ஒருமுறை தெருவைக் கடந்து சென்றிராவிட்டால் அவளுக்கு ஏக்கமே இல்லை. திருவருகைக் காலத்தின் இறையியலும் இதுவே. நாம் இன்னும் வராத ஒருவருக்காகக் காத்திருக்கவில்லை. அவர் வந்துவிட்டார், பெத்லகேமின் தெருவிலும் நாசரேத்தின் பட்டறையிலும் எருசலேமின் சிலுவைப் பாதையிலும் அவரது உலா நிகழ்ந்துவிட்டது. அந்த முதல் வருகையைக் கண்ட கண்களே இரண்டாம் வருகைக்காக ஏங்க வல்லன. இதனால்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவாக 1969-இல் வெளியான வழிபாட்டு ஆண்டின் பொது நெறிமுறைகள் இக்காலத்திற்கு இரட்டைப் பண்பு உண்டு என்று வரையறுத்தன. டிசம்பர் 16 வரை மாட்சியோடு வரவிருக்கும் ஆண்டவரை நோக்கியும், 17 முதல் 24 வரை பிறப்பை நோக்கியும் நம் மனம் திருப்பப்படுகின்றது. பிறப்பு விழா முடிந்ததும் காத்திருப்பு முடிந்துவிட்டது என எண்ணுபவர் இந்த ஒழுங்கின் பாதியை மட்டுமே படித்தவர் ஆவார்.

இரண்டாவது இடம் இன்னும் கூர்மையானது. தலைவன் வருவான் என்ற செய்தியை வசந்தவல்லிக்குக் கொணர்பவர் யார்? அரசவைப் புலவர் அல்லர். கோயில் குருக்கள் அல்லர். செல்வ வீட்டுத் தோழியும் அல்லள். ஊர் ஊராய்த் திரியும் ஒரு குறத்தி. அவள் தன் கலையைப் பெருமையோடு பேசுகின்றாள். மன்னரும் தன்னை மெச்சுவர் என்கின்றாள். அதே மூச்சில் தன் வயிற்றுக்குக் கொஞ்சம் கஞ்சி போதும் என்கின்றாள். கூழானாலும் கொண்டுவரச் சொல்கின்றாள். வெற்றிலையும் பாக்கும் கேட்கின்றாள். இவ்விடத்தில் நகைச்சுவை இருப்பது உண்மையே; அரங்கில் மக்கள் சிரித்திருப்பர். ஆயினும் கவிராயர் செய்திருப்பது சிரிப்பினும் பெரிது. வருகையின் செய்தியையும் வயிற்றின் பசியையும் அவர் ஒரே வாயில் வைத்துள்ளார். செய்தி வேண்டுமாயின் பசித்தவளை வாசலுக்குள் அழைக்க வேண்டும். அவள் கையில் தன் கையைத் தர வேண்டும். மாளிகைப் பெண்ணின் கை திரியும் பெண்ணின் கையில் அடங்கிய அந்த நேரத்தில்தான் நம்பிக்கை பிறக்கின்றது.

நற்செய்தியிலும் இதுவே முறை. திருவருகைக் காலத்தின் இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் நம்மைச் சந்திக்கும் திருமுழுக்கு யோவான் எருசலேமின் மாடங்களில் வாழ்ந்தவர் அல்லர். ஒட்டக மயிராடை அணிந்து பாலை நிலத்து வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டவர். பிறப்பின் முதற்செய்தி ஆட்டிடையருக்கே அறிவிக்கப்பட்டது. அவர்களே அதனைப் பிறருக்கும் உரைத்தனர். ஆகவே திருவருகைக் காலத்தை எவ்வாறு வாழ்வது என்று கேட்கும் குடும்பத்திற்கு நாம் தரும் முதல் மறுமொழி, உங்கள் வாசலுக்கு வருபவர் யார் என்று பாருங்கள் என்பதே.

இங்கே ஒரு தடை எழும். குறி கேட்பது திருச்சபை விலக்கிய செயலாயிற்றே, அதனை உவமையாக்குவது முறையா எனச் சிலர் வினவுவர். வினா நேர்மையானது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எதிர்காலத்தை அறியக் கையாளும் குறி, சோதிடம், கைரேகை ஆகிய அனைத்தையும் ஐயமற விலக்குகின்றது. பிள்ளைக்குத் திருமணம் எப்போது, களவு போன நகை எங்கே என்று குறி கேட்கச் செல்லும் கிறிஸ்தவர்கள் எந்தப் பங்கிலும் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு இக்கட்டுரை சான்று ஆகாது. குறி கேட்பவர் எதிர்காலத்தைத் தம் கைக்குள் கொள்ள விரும்புகின்றார். இறைவாக்கைக் கேட்பவர் எதிர்காலத்தை இறைவனின் கையில் விட்டுவிடுகின்றார். இவ்விரண்டிற்கும் இடையே மலைக்கும் மடுவிற்கும் உள்ள தொலைவு. எசாயா ஆண்டும் நாளும் குறித்துக் கொடுக்கவில்லை. இறைவன் தம் சொல்லில் நிலைத்திருப்பார் என்பதையே அறிவித்தார். குறவஞ்சியை நாம் இலக்கியமாகவே படிக்கின்றோம். அதில் நம்மைத் தொடுவது கைரேகை அன்று. கை நீட்டிய தாழ்மை.

மூன்றாவது இடமே நூலின் முடிவு. வசந்தவல்லிக்கும் குற்றாலநாதருக்கும் நிகழ வேண்டிய கூட்டம் அரங்கில் நிகழ்வதில்லை. வருவார் என்ற சொல் கிடைத்தது. அதன்பின் கதை அவளை விட்டு அகன்று சிங்கன் பின்னால் போகின்றது. சிலர் இதனை அமைப்பின் குறை என்பர். தலைவியை நடுவழியில் விட்டுவிட்டுப் பாமரரின் கூத்திற்குள் நூல் இறங்கிவிட்டது என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. வாக்குறுதிக்கும் அதன் நிறைவிற்கும் இடையே உள்ள காலத்தைக் கவிராயர் வெறுமையாக விடாமல் உழைப்பால் நிரப்பியிருக்கின்றார். வயலில் பறவைகள் வந்து மேய்கின்றன. சிங்கன் கண்ணி வைக்கின்றான். மனமோ மனைவியிடம் சென்றிருக்கின்றது. தேடுகின்றான், கேட்கின்றான், அலைகின்றான். ஈற்றில் அவளைக் காணும்போது அவள் உடல் முழுதும் அணிகள். காலில் பாம்பு போல் சுற்றிக் கிடப்பது என்ன என்று அஞ்சிக் கேட்கின்றான். பற்பல நாடுகளில் குறி சொல்லிப் பெற்ற பரிசில்கள் எனச் சிங்கி ஒவ்வொன்றாக விளக்குகின்றாள். பிறருக்கு நம்பிக்கை தந்தவள் தான் அழகு பெற்று நிற்கின்றாள்.

புனித பெர்னார்து 12-ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு ஆற்றிய திருவருகைக் கால உரைகளில், ஆண்டவரின் வருகை மூன்று என்று விளக்கினார். ஊனுடலில் வந்தது முதலாவது. மாட்சியில் வருவது இறுதி. இவ்விரண்டிற்கும் இடையே ஆவியிலும் ஆற்றலிலும் அன்றாடம் உள்ளத்தில் வருவது நடு வருகை. முதலும் முடிவும் வெளிப்படையானவை, நடுவிலுள்ளது மறைவானது. நம் அன்றாடக் கிறிஸ்தவ வாழ்வு முழுவதும் இந்த நடு வருகையில்தான் நடைபெறுகின்றது. எபிரேயர் திருமுகம் போற்றும் முன்னோர்களும் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே, அதனைத் தொலைவிலிருந்து கண்டு மகிழ்ந்தவாறே இறந்தனர். அவர்கள் கதையிலும் கூட்டம் அரங்கில் நிகழவில்லை. ஆயினும் அவர்கள் கூடாரம் அடித்தனர், கிணறு தோண்டினர், பிள்ளைகளை வளர்த்தனர். காத்திருப்பு அவர்களது உழைப்பை நிறுத்திவிடவில்லை. அதற்குத் திசை காட்டியது.

இக்குறவஞ்சி வடிவத்தைக் கிறிஸ்தவப் பொருளுக்கு நேராகவே பயன்படுத்திய பெருமை தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு உரியது. நெல்லைச் சீமையில் 1774-இல் பிறந்த அவரை, பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்சு ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். இரண்டாம் சரபோசி மன்னரோடு பழகி, 1864 வரை நெடுங்காலம் வாழ்ந்த அப்புலவர், 1800-ஆம் ஆண்டையொட்டிப் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். கிறிஸ்துவே தலைவர். திருச்சபையாகிய தேவமோகினி தலைவி. நம்பிக்கை சிங்கியாகவும் ஞானம் சிங்கனாகவும் வருகின்றனர். அவர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதால் கத்தோலிக்கர் நெடுங்காலம் அவரைப் படிக்காமலே விட்டுவிட்டனர். பிரிந்த சகோதரரின் செல்வங்களை மகிழ்வோடு ஏற்குமாறு கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய சங்க ஏடு 1964-இல் அறிவுறுத்திய பின்பு அத்தகைய விலகலுக்கு இடமில்லை.

சாஸ்திரியாரின் துணிவு வியப்புக்குரியது. கோயிலில் ஆடிய கூத்து வடிவத்தை அவர் அஞ்சாமல் எடுத்தாண்டார். தமிழ்ச் சந்தங்களே நற்செய்தியைச் சுமக்கட்டும் என்றார் போலும். அன்று ஐரோப்பியர் வழியாக வந்த வானநூல், நிலநூல் அறிவையும் அதற்குள் புகுத்தினார். காதல் துறையில் அமைந்த பாடல் இறையன்பை ஏந்த முடியுமா என்று தயங்குவோர், விவிலியத்தில் இனிமைமிகு பாடல் எனும் நூல் இருப்பதையும், அதற்கு மேற்சொன்ன பெர்னார்தே 86 மறையுரைகள் ஆற்றியதையும் நினைவுகூர வேண்டும். தலைவி திருச்சபை என்றதால் காத்திருப்பு ஒருவரின் தனி ஏக்கமாக நில்லாமல் சமூகத்தின் ஏக்கமாக விரிந்தது. இது சாஸ்திரியார் சேர்த்த செல்வம்.

எனினும் திறனாய்வு புகழ்ச்சியோடு நிற்கலாகாது. சிங்கி என்றால் நம்பிக்கை, சிங்கன் என்றால் ஞானம் என்று உருவகத்திற்குப் பெயர் சூட்டியவுடன் வாசகர் உள்ளத்தில் ஒரு மாற்றம் நேர்கின்றது. அவர் குறத்தியைப் பார்ப்பதை விட்டு அவள் குறிக்கும் கருத்தைத் தேடத் தொடங்குகின்றார். கருத்துக்குப் பசி கிடையாது; கருத்து கூழ் கேட்காது; கருத்தின் கால்களில் மலைப்பாதையின் புழுதி படிவதில்லை. குற்றாலக் குறத்தி எதனையும் குறிக்கவில்லை. அவள் ஒரு பெண். ஆகவே அவள் சொல்லும் செய்திக்கு உடல் இருக்கின்றது. வாக்கு மனிதர் ஆனார் என்று நம்பும் நாம் இவ்வேறுபாட்டை எளிதாகக் கடந்து செல்ல முடியாது. இறையியலால் பெத்லகேம் குறவஞ்சி நமக்கு நெருங்கியது. மனித உடலின் உண்மையால் குற்றாலக் குறவஞ்சி பெத்லகேமின் மாட்டுத் தொழுவத்திற்கு நெருங்கியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவரே முழுமை பெறுவர்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் முடிவதன்று. குறத்தியை அரங்கில் போற்றிய நாடு வாழ்க்கையில் அவளை எவ்வாறு நடத்தியது? 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றியது. 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. குறவர் உள்ளிட்ட பல சமூகத்தார், எக்குற்றமும் செய்யாமலே, பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனப் பதிவேட்டில் எழுதப்பட்டனர். சென்னை மாகாணம் இதனை முன்னரே நீக்கிவிட்டது. 1952 ஆகஸ்டு 31 அன்று நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது. ஆயினும் மக்கள் மனத்திலிருந்து அப்பதிவேடு முற்றும் நீங்கவில்லை. இலக்கியக் குறவரின் வேறான, தனித்த மொழியும் மரபும் கொண்ட நரிக்குறவர் சமூகத்தையும் இதே ஐயக்கண்ணோடுதான் ஊரார் நோக்குகின்றனர். அவர்களைத் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வரைவு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது 2022 டிசம்பரில். அதாவது ஒரு திருவருகைக் காலத்தில். நெடுங்காலம் காத்திருந்த ஒரு மக்களுக்கு வாசல் சிறிது திறந்த அந்நாள்களில், நம் ஆலயங்களில் எத்தனை பேர் அதனைக் காலத்தின் அறிகுறியாகக் கண்டு மன்றாடினர்?

எனவே குறத்தி இன்று நம் வாசலில் யாராக நிற்கின்றாள் என்று கேட்காமல் இத்திறனாய்வு முடியாது. பாசிமணி விற்க வரும் பெண்ணாக நிற்கின்றாள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கூலிக்காகக் காத்திருக்கும் முதியவராகவும் நிற்கின்றார். பேருந்து நிலையத்தில் மொழி தெரியாமல் விழிக்கும் வடநாட்டுக் கட்டடத் தொழிலாளியாகவும் நிற்கின்றார். அவர்களுக்கு நாம் ஏதேனும் கொடுத்து அனுப்புகின்றோம், அது நன்று. ஆனால் வசந்தவல்லி கொடுத்ததோடு நிற்கவில்லை, கேட்டாள். அவர்களிடம் நமக்கு ஒரு செய்தி இருக்கின்றது என்று நாம் எண்ணியதுண்டா? அவர்கள் கையில் நம் கையைத் தந்ததுண்டா? கொடுப்பவர் உயரத்தில் நிற்கலாம். கேட்பவர் சமமாக அமர வேண்டும். ஈகைக்கும் திருவருகைக்கும் இடையிலான தொலைவு அந்த அமர்வில் இருக்கின்றது.

காத்திருக்கக் கற்றுத்தர நம் ஊரில் ஆசிரியர்கள் பலர் உளர். ஐந்தருவியிலும் பேரருவியிலும் விழும் நீர் சிற்றாற்றில் சேர்ந்து, குளங்களை நிரப்பி, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலக்கின்றது. தென்மேற்குப் பருவத்தில் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவத்தில் பிசானம். திருவருகைக் காலத்தில் பிசான நாற்று வயலில் வேர் பிடித்துக் கொண்டிருக்கும். முன்மழைக்கும் பின்மழைக்கும் பொறுமையோடு காத்திருக்கும் உழவரைப் பார்க்கச் சொல்லும் யாக்கோபு திருமுகப் பகுதி, முதலாம் ஆண்டுச் சுழற்சியின் மூன்றாம் ஞாயிறன்று வாசிக்கப்படுகின்றது. இரு மழை காணும் நம் மக்களுக்கு அதற்கு உரை தேவையில்லை. நாற்று நட்டவர் வரப்பில் அமர்ந்து உறங்குவதில்லை; களை எடுக்கின்றார், மடை பார்க்கின்றார். ஆனால் கதிரைக் கையால் இழுத்து வளர்க்கவும் முயல்வதில்லை.

பீடி சுற்றி வாரக் கூலிக்குக் காத்திருக்கும் தாயும், வளைகுடா நாட்டிலிருந்து மகன் வரும் நாளை நாள்காட்டியில் எண்ணும் தந்தையும், மருத்துவமனை வராந்தாவில் பெயர் அழைக்கப்படுவதற்காக அமர்ந்திருக்கும் நோயாளியும் காத்திருப்பை அறிந்தவர்களே. இக்காத்திருப்புகளை ஞாயிற்றுத் திருப்பலிக்கு வெளியே விட்டுவிட்டு வருமாறு நாம் மக்களைப் பழக்கிவிடலாகாது. அவற்றோடு பீடத்தின் முன் வந்து நிற்கும்போதுதான் திருவருகைக் காலத்தின் மன்றாட்டு அவர்களது சொந்த மன்றாட்டாகின்றது. மரியாவும் அவ்வாறே காத்திருந்தார். வானதூதரின் செய்தி கிடைத்ததும் வீட்டில் அமர்ந்து நாள் எண்ணிக் கொண்டிராமல், விரைந்து மலைநாடு சென்று, முதிய வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தின் வீட்டில் மூன்று மாதமளவு தங்கினார். வயிற்றில் வாக்குறுதி, கையில் அடுத்தவர் வீட்டு வேலை. இதனினும் தெளிவான திருவருகைக் கால விளக்கத்தை எந்த இறையியலார் எழுதிவிட முடியும்?

இவ்வளவும் கூறிய பின் நடைமுறைக்குச் சில சொற்கள். நட்சத்திரம் ஏற்றுவதை நாம் தடுக்க விரும்பவில்லை. ஆனால் அதனை டிசம்பர் 17-க்குத் தள்ளிவைக்கும் குடும்பம், பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தைச் சொல்லாமலே சொல்லிவிடும். வாரத்தில் ஒரு வேளை உணவைக் குறைத்து, அதன் பங்கை வாசலுக்கு வருபவருக்கென ஒதுக்கலாம். அன்பியக் கூட்டத்தில் ஒருமுறையேனும், நாம் உதவி செய்பவரை விருந்தினராக அழைத்து அவரைப் பேசவிட்டு நாம் கேட்கலாம். இரு குறவஞ்சிகளையும் நம் பங்கு நூலகங்களில் வைத்து இளையோரைப் படிக்கச் செய்யலாம். தம் மண்ணின் இலக்கியம் தம் நம்பிக்கைக்கு அயலானதன்று என்பதை அவர்கள் கண்டுகொள்வர்.

வசந்தவல்லியின் காத்திருப்பைக் கவிராயர் முடித்து வைக்கவில்லை. திருச்சபையின் காத்திருப்பும் இன்னும் முடியவில்லை. கிறிஸ்து பிறப்பு விழா அதனை முடிப்பதற்காக வருவதன்று. அடுத்த ஆண்டு வரை அன்றாடம் காத்திருப்பதற்கு வேண்டிய வலிமையைத் தருவதற்காக வருகின்றது. பசித்து வந்து நிற்பவரிடம் வருகின்றவரின் செய்தி இருக்கின்றது என்ற நம்பிக்கையோடு கதவைத் திறந்து வைப்போம். கூழும் தருவோம், கையும் தருவோம்.